வாகரைக்குப் போன சைக்கிளும் வலித்த முழங்காலும்



உங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவள் கலியாணம் முடித்துப் போன பின் அதன் மேல் ஈரத்துவாய் காய்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தொழுகையில் இருந்து எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவரா நீங்கள்? அப்படியானால் கட்டாயம் உங்களுக்குத்தான்.

இன்று உங்களை வாகரைக்குக் கூட்டிப் போகப் போகிறேன். பஸ்ஸில் அல்ல, சைக்கிளில். பயப்பட வேண்டாம், களைத்தால் இறங்கி நடப்போம்.

வாகரை எங்கே இருக்கிறது என்று கேட்கும் தூரத்துச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி அதன் வழியாகத்தான் போகிறது. எங்கள் ஊர் ஓட்டமாவடி. அங்கிருந்து வாகரைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழும்புவதற்குள் வந்துவிடும். எனக்கோ அந்த 30 கிலோமீற்றரைக் கடக்க ஏழு மாதம் பிடித்தது!

சீத்தை மூட்டையும் வாப்பாவும்

வாகரை என்ற பெயரை நான் முதலில் கேட்டது வாப்பாவின் வாயால். எண்பதுகளில் வாப்பா சைக்கிளில் புடைவை வியாபாரம் செய்தார். பின் கரியரில் சீத்தைத் துணி மூட்டை, ஹேண்டிலில் ஒரு பை. சுபஹ் தொழுததும் புறப்படுவார். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஒவ்வோர் ஊராக நின்று வாகரை வரை போய், சில நாள் அங்கேயே தங்கி, வரும்போது கருவாடும் தேனும் கச்சானும் கொண்டு வருவார். ஒரு தடவை என்னைப் பாரில் வைத்து மாங்கேணி வரை கொண்டு போனார். வழியெல்லாம் பெண்கள் 'காக்கா, காக்கா' என்று கூப்பிட்டுக் கடனுக்குத் துணி வாங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

1990க்குப் பிறகு வாப்பா அந்த வீதியில் போகவில்லை. போர் இரண்டு சமூகத்து வீடுகளையும் அழ வைத்த காலம் அது. ஒரு பழைய கொப்பியில் வாகரைக் கடன் கணக்கு பல வருடம் கிடந்தது. "அந்தச் சனம் தர மாட்டேன் என்றா சொன்னது? வர வழியில்லையே" என்பார். 2004 டிசம்பர் 26இல் கடல் வாகரையை அடித்தது. 2006 கடைசியிலும் 2007 ஆரம்பத்திலும் போர் அங்கே உச்சத்துக்கு வந்து, ஊரே குடிபெயர்ந்தது. வீதி திருந்தி, மக்கள் திரும்பி வந்த காலத்தில் வாப்பா இல்லை. கொப்பி மட்டும் இருந்தது.

அந்தக் கணக்கை வசூலிக்க அல்ல, அவர் மிதித்த பாதையை ஒரு தடவை நானும் மிதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனதில் கிடந்தது. அதற்கு வழி திறந்தது ஒரு கஷ்ட காலம்.

பெற்றோல் இல்லாத வருடம்

2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோமீற்றர் கணக்கில் வரிசை. என் ஸ்கூட்டி முற்றத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக வேண்டுமே! மகளுடைய பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து எடுத்தேன். அப்போது எனக்கு 47 வயது.

முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம், அஸருக்குப் பிறகு தம்பியின் மனைவியையும் கூட்டிக்கொண்டு சும்மா ஒரு சுற்றுப் போக ஆரம்பித்தேன். வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை எல்லாவற்றுக்கும் வெளியே, எனக்கென்று கிடைத்த அரை மணித்தியாலம் அது. முகத்தில் காற்றுப் படும்போது மனசு லேசாகும். சகோதரிகளே, அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

'இந்த வயதில் பொம்புளைக்கு சைக்கிள் தேவையா?' என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1990களின் ஆரம்பத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் கலெக்டர் முன்னின்று நடத்தினார். வயல் வேலை செய்யும் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் முஸ்லிம் பெண்களுமாக ஒரு லட்சம் அளவில் பெண்கள் அந்தச் சில வருடங்களில் ஓட்டப் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். கேட்டவர்கள் பேசாமல் போனார்கள்.

ஆனால் என் முழங்கால் மட்டும் பேசாமல் இருக்கவில்லை.

முதல் பயணம்: ஆசை வென்றது, கால் தோற்றது

ஓகஸ்ட் மாதம் ஒரு விடுமுறை நாள். தம்பியும் மச்சியும் நானும் மூன்று சைக்கிளில் புறப்பட்டோம். அது கச்சான் காற்று வீசும் காலம். எங்கள் பகுதியில் கச்சான் என்றால் கடலையும்தான், காற்றும்தான். கடலை இனிக்கும், காற்று எரிக்கும்! தரைப் பக்கமிருந்து வரும் அந்த வெப்பக் காற்று, நாவலடிச் சந்தியில் வடக்கே திரும்பியதும் இடது பக்கத்தால் வந்து தள்ளியது. சமதரை வீதிதான், மேடு பள்ளம் கிடையாது. ஆனால் காற்றும் ஒரு மலைதான் என்று அன்றைக்கு அறிந்தேன்.

காயான்கேணி தாண்டும்போது வலது முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே, ஒரு முள் குத்தியது போல இருந்தது. மாங்கேணியில் அது ஆணியாயிற்று. "ராத்தா, திரும்புவோம்" என்றான் தம்பி. நான் கேட்கவில்லை. வாப்பா மூட்டையோடு போன பாதையில் நான் வெறுங்கையோடு போக முடியாதா என்ற வீம்பு!

வாகரைக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு கடை வாங்கில் காலை நீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். திரும்பி வந்தது மீன் லொறி ஒன்றின் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில்.

அன்றிரவு முழங்கால் வீங்கியது. அதன் பிறகு கதிரையில் இருந்துதான் தொழுதேன். இயலாதவர் இருந்து தொழலாம் என்ற சலுகை நம் மார்க்கத்தில் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனாலும் நெற்றி நிலத்தில் படாத ஸுஜூது மனதை என்னவோ செய்தது. பக்கத்தில் உம்மா. அவருடைய கதிரை அங்கே எட்டு வருடமாக இருக்கிறது. "எனக்கும் உன் வயதில்தான் மகள் தொடங்கினது. பொறுத்துப் பொறுத்து இருந்தேன்" என்றார். இரண்டு கதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

முழங்காலுக்குள் நடந்தது என்ன?

பக்கத்து வீட்டில் ஒருவர் மாத்திரை தந்தார். இன்னொருவர் சைக்கிளை விற்றுவிடச் சொன்னார். புக்கை கட்டினேன், எண்ணெய் தடவினேன், ஒத்தணம் பிடித்தேன். ஆறுதல் கிடைத்தது, மாற்றம் இல்லை. கடைசியில் வைத்தியரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்து, 'எலும்பு நன்றாக இருக்கிறது' என்று இயன்மருத்துவரிடம் அனுப்பினார். என் மகள் வயதுடைய ஒரு தமிழ்ப் பிள்ளை. அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "டீச்சர், உங்கட சைக்கிள் சீட்டு எவ்வளவு உயரம்?" என்பதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் விளக்கியதைக் கேட்டபோது சிரிப்பு நின்றது.

முழங்கால் ஒரு கதவுப் பிணைச்சல் போல. முன்னால் இருக்கும் சில்லு, தொடை எலும்பின் பள்ளம் ஒன்றில் மேலும் கீழும் ஓடுகிறது. கால் எவ்வளவு மடங்கியிருக்கிறதோ, அந்த நிலையில் எவ்வளவு பலமாக உதைக்கிறோமோ, அவ்வளவுக்குச் சில்லு உள்ளே அழுத்தப்படுகிறது. படி ஏறும்போதும் குந்தியிருந்து எழும்பும்போதும் வலிப்பது அதனால்தான். சைக்கிள் உண்மையில் இவை இரண்டையும் விட முழங்காலுக்கு இலேசானது. உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்கிறதல்லவா? ஆனால் சீட்டு பதிந்திருந்தால், ஒவ்வொரு மிதியும் அரைக் குந்தலில் இருந்து எழும்புவது போலாகிவிடும்.

நம் பெண்கள் சீட்டை எப்படி வைக்கிறோம்? விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், சீட்டில் இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி வைக்கிறோம். அபாயா வேறு; சட்டென்று கால் ஊன்ற வேண்டுமே! நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்த அந்தப் பதிந்த சீட்டுத்தான் நம் முழங்காலைத் தின்கிறது.

வீட்டுக்கு வந்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது 26 அங்குலச் சில்லு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 5 மீற்றர் போகும். அப்படியானால் வாகரைக்குப் போக ஒவ்வொரு முழங்காலும் ஏறக்குறைய 6,000 தடவை மடங்கி நிமிர வேண்டும். தவறான உயரத்தில் 6,000 தடவை! வலிக்காமல் என்ன செய்யும்?

சீட்டை உயர்த்துவது எப்படி?

இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே.

சைக்கிளைச் சுவரோடு சாத்தி, ஏறி இருங்கள். ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டு வந்து, அதில் குதிக்காலை வையுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும்; இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். உங்கள் சீட்டு அதைவிட நன்றாகப் பதிந்திருந்தால் ஒரே நாளில் உயர்த்த வேண்டாம். கிழமைக்கு அரை அங்குலம் போதும்; உடம்பு பழகிக்கொள்ளும். சீட்டுத் தண்டில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது.

'நிறுத்தும்போது கால் எட்டாதே?' என்பீர்கள். நிறுத்தும்போது சீட்டில் இருக்கக் கூடாது. பிறேக்கைப் பிடித்து, சீட்டுக்கு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். முற்றத்தில் ஒரு கிழமை பழகினால் வந்துவிடும். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

வலி எங்கே என்று பாருங்கள். அதுவே ஒரு கடிதம். முன்பக்கம் வலித்தால் சீட்டு பதிந்திருக்கலாம், அல்லது மிதி பாரமாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் சீட்டு அளவுக்கு மேல் உயர்ந்திருக்கலாம். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால், பாதத்தை வெளியே அல்லது உள்ளே திருப்பி மிதிக்கிறீர்களா என்று கவனியுங்கள். பாதம் இயல்பாக நேரே பார்க்கட்டும்.

அடுத்தது பாரம். டயரில் காற்றுக் குறைந்தாலும், கடற்காற்றில் செயின் துருப்பிடித்தாலும் மிதி பாரமாகும். கிழமைக்கு ஒரு தடவை காற்று, இரு கிழமைக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய். எங்கள் சைக்கிள் கடைக் காக்கா இன்னொரு காரியமும் செய்தார். பின் ஃப்றீவீலில் 18 பல்லைக் கழற்றி 20 பல் போட்டார். செலவு பெரிதல்ல. மிதி பத்தில் ஒரு பங்கு இலேசானது. இப்போது வாகரைக்கு 6,600 தடவை மிதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் இலேசு. முழங்காலுக்குப் பிடிப்பது அதுதான். பாரமான சில மிதிகளை விட இலேசான பல மிதிகள் நல்லது. கியர் உள்ள சைக்கிள் என்றால் இலேசான கியரில் ஓட்டுங்கள்.

பிஸ்மியோடு ஆறு மாதம்

இயன்மருத்துவப் பிள்ளை தந்த பயிற்சிகள் வீட்டிலேயே செய்யக் கூடியவை. காலை நீட்டியிருந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்தல். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றக் காலை நேராக ஒரு முழம் தூக்குதல். பக்கவாட்டில் படுத்து மேல் காலை உயர்த்துதல். இது இடுப்புத் தசைக்கு. இடுப்பு பலமாக இருந்தால்தான் முழங்கால் நேர்கோட்டில் ஓடும். பிறகு, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருத்தல். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும்.

முதல் ஆறு கிழமை சைக்கிள் இல்லை. பிறகு ஐந்து நிமிடம். பிறகு பத்து. 'ஓட்டும்போது சிறிது வலித்து, அடுத்த நாள் காலையில் இல்லாமல் போனால் பரவாயில்லை. அடுத்த நாளும் இருந்தால் நேற்று ஓட்டியது கூடிப்போயிற்று' என்பது அவர் தந்த அளவுகோல். ஓட்டமாவடிப் பாலத்து ஏற்றம்தான் எனக்குப் பரீட்சை மண்டபம். முதல் மாதம் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாம் மாதம் இறங்காமல் ஏறினேன். அந்த நவம்பரில்தான் நெற்றி மறுபடியும் நிலத்தில் பட்டது. உம்மா தன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்ல முந்தி அவர் சொன்னார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா முழங்கால் வலியும் சீட்டை உயர்த்தினால் போவதில்லை. முழங்கால் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், விழுந்த பின் கால் ஊன்ற முடியாவிட்டால், நடுவழியில் முழங்கால் பூட்டிக்கொண்டால் அல்லது நழுவினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். நோ மாத்திரைகளை நீங்களாக நாள்கணக்கில் விழுங்க வேண்டாம்; இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அவை கேடு செய்யும்.

மூட்டுத் தேய்வு வந்துவிட்டதே, இனி அசையக் கூடாது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். முழங்கால்தான் அதிகம் பாதிக்கப்படும் மூட்டு. அசையாமல் இருப்பது இதற்கு மருந்தல்ல. மூட்டைச் சுற்றிய தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில்தான் விழும். 2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 2,600க்கும் அதிகமானவர்களைப் பார்த்தது. வாழ்நாளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு முழங்கால் வலி மற்றவர்களை விட 17 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள் முழங்காலைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

மீண்டும் வாகரைக்கு

2023 பெப்ரவரிக் கடைசி. வாடைக் காலத்து மழை ஓய்ந்து, கச்சான் தொடங்காத நல்ல பருவம். இந்தத் தடவை வீம்பு இல்லை. போவது மட்டும் சைக்கிள். வரும்போது தம்பியின் கூட்டாளியுடைய சின்ன லொறி. இது புறப்பட முந்தியே பேசி முடித்த ஒப்பந்தம். ஒவ்வொரு ஐந்து கிலோமீற்றருக்கும் இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது. தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழம், அபாயா ஓரத்தைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு கிளிப், பின் சில்லுக்கு வலை. முடிந்தது சாமான்.

நாவலடிச் சந்தி கடந்ததும் இரண்டு பக்கமும் பற்றைக்காடு. மயில் ஒன்று வீதியைக் கடந்தது. பிறகு கேணி ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. கடலும் களப்பும் உப்பாய் இருக்கும் மண்ணில், நல்ல தண்ணீர் கிடைக்கும் கேணியைத்தானே ஊருக்குப் பெயராக வைப்பார்கள்! பனிச்சை என்பது ஒரு மரம். அதன் காய்ச் சாறெடுத்து மீனவர்கள் அந்தக் காலத்தில் வலைக்குச் சாயமேற்றுவார்கள். நூல் சீக்கிரம் உக்காது. நைலோன் வலை வந்த பின் அந்த வேலை போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் முழங்கால் மெல்லக் கூப்பிட்டது. முள் அல்ல, ஒரு சின்னத் தட்டல். ஓகஸ்டில் இந்தத் தட்டலைத்தான் நான் கேட்காமல் போனேன். இந்தத் தடவை உடனே இறங்கினேன். மச்சியும் இறங்கினாள். பாலத்தைத் தள்ளிக்கொண்டே நடந்து கடந்தோம்.

இறங்கியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! ஓட்டிக்கொண்டு போயிருந்தால் எதையும் பார்த்திருக்க மாட்டேன். ஒரு பக்கம் களப்பு கண்ணாடி போலக் கிடந்தது. கரையெல்லாம் கண்டல் மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நின்றன. அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளர்கின்றன. வாகரைச் சந்தைக்கு வரும் நண்டுக்குத் தாய்வீடு அது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலை வீசினார். வெள்ளைக் கொக்குகள் அவரைவிடப் பொறுமையாக நின்றன. கடல் சத்தம் மறுபக்கத்தால் கேட்டது. மச்சி, "ராத்தா, இது ரெண்டு உலகம் போல இரிக்கு" என்றாள்.

பத்து மணிக்கு வாகரை.

கதவைத் திறந்த ஆச்சி

வாப்பாவின் கொப்பியில் பெயர்களுக்குப் பதிலாக அடையாளங்கள்தான் அதிகம். 'வேப்ப மரத்து வீடு', 'கோயிலடி வளவு' என்று. சுனாமிக்கும் போருக்கும் பிறகு எந்த வேப்ப மரத்தைத் தேடுவது? வீதியோரத்தில் வறுத்த கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் ஒரு சுண்டு கச்சான் வாங்கினேன். ஓட்டமாவடி என்று சொன்னதும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அங்கயிருந்து முந்தி ஒரு காக்கா சீத்தை கொண்டு வருவார். உயர்ந்த ஆள். சிரிச்சுக் கொண்டே கணக்கு எழுதுவார்."

என் தொண்டை அடைத்தது. அது என் வாப்பாவாக இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் சீத்தை மூட்டை கட்டியவர்கள் பலர். உயரமும் சிரிப்பும் வாப்பாவுக்கு மட்டும் சொந்தமல்லவே. "என்ட வாப்பாவும் அப்படித்தான் வந்தவர், ஆச்சி" என்றேன்.

"அப்ப நீ சீத்தைக் காக்காட மகளா! வா மகள், வந்து இரி" என்று ஒரு பாயைத் தட்டி விரித்தார். தானும் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இந்த முழங்கால் படுத்துற பாடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். உம்மா கதிரையில் இருக்கும்போது கேட்கும் அதே முனகல். அதே முகச்சுளிப்பு.

"எனக்கும்தான் ஆச்சி" என்று என் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். பிறகு அரை மணித்தியாலம் நாங்கள் பேசியது போரைப் பற்றியல்ல, கடலைப் பற்றியும் அல்ல, முழங்காலைப் பற்றித்தான்! எந்த எண்ணெய், எந்த இலை, எந்த வைத்தியசாலை. துவாயைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சியை அவருடைய பாயிலேயே காலை நீட்டிச் செய்து காட்டினேன். அவரும் செய்தார். முதலில் ஐந்து எண்ண முடியவில்லை, மூன்றில் விட்டார். "நாளைக்கு நாலு" என்றார். குந்தியிருந்து கச்சான் வறுக்க வேண்டாம், ஒரு வாங்கில் இருந்து வறுங்கள் என்றும் வற்புறுத்திச் சொன்னேன்.

புறப்படும்போது கச்சானுக்குக் காசு நீட்டினேன். அவர் கையை மடக்கிவிட்டார். "உங்கட வாப்பாக்கு நாங்க எவ்வளவோ பாக்கி மகள். கணக்கில கழிச்சுப் போடு."

சகோதரிகளே, வீட்டுக்கு வந்து அந்தக் கொப்பியை எடுத்தேன். யாருடைய கணக்கில் கழிப்பது? தெரியாது. கடைசிப் பக்கத்தில் 'வாகரை, கச்சான் ஒரு சுண்டு, வரவு' என்று எழுதித் திகதி போட்டு வைத்தேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் எல்லோரையும் 30 கிலோமீற்றர் ஓட்டச் சொல்லவில்லை. சிலருக்குப் பள்ளிக்கூடத்துச் சந்தி, சிலருக்கு உம்மா வீடு, சிலருக்கு அடுத்த தெருக் கடை. அவரவர் தூரம் அவரவருக்கு. நான் இப்போதும் கிழமைக்கு மூன்று நாள் ஓட்டுகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் மட்டும், அதுவும் பத்துக் கிலோமீற்றருக்குள். முழங்கால் தட்டினால் இறங்கி நடக்கிறேன். அதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

இன்று அஸருக்குப் பிறகு அந்த ஈரத்துவாயை எடுத்துக் கொடியில் போடுங்கள். சைக்கிளைச் சுவரோடு சாத்தி, பெடலில் குதிக்காலை வைத்துப் பாருங்கள். சீட்டு பதிந்திருந்தால் அரை அங்குலம் உயர்த்துங்கள். உங்கள் உம்மாவுக்கோ மாமிக்கோ முழங்கால் வலி இருந்தால், அந்தத் துவாயைச் சுருட்டி அவர்கள் முழங்காலுக்குக் கீழே வைத்து, பக்கத்தில் இருந்து நீங்களே ஐந்து எண்ணுங்கள். என் உம்மா இப்போது ஏழு வரை போகிறார். கதிரையை விடவில்லை, ஆனால் சுவரைப் பிடிக்காமல் எழும்புகிறார்.

அடுத்த பெப்ரவரியில் மழை விட்டதும் நானும் மச்சியும் மறுபடி வாகரைக்குப் போவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஆச்சி எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்க்க வேண்டும்.